தடைக்காலத்து மைகள்: பாம்பனில் நான்கு வருட ஊற்றுப்பேனா அனுபவம்

பாம்பனில் ஒரு சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், கணக்கு எழுதுகிறேன். ஆபீஸ் மூலையில் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனால் விடிகாலையில் நண்டும் கணவாயும் எடை போடுகிற இடத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அங்கே பேரேடும் பேனாவும்தான். நான்கு வருடத்துக்கு முன் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய ஹீரோ பேனா ஒன்று பீரோவில் கிடைத்தது. கழுவி மை போட்டேன், எழுதியது. அன்றோடு பால் பாயிண்டை விட்டேன்.

வருடத்தில் பத்து மாதம் என் பேனாவில் ஒரே நிறம்தான். சித்திரை பிறந்த மறுநாள், ஏப்ரல் 15 அன்று, விசைப்படகுகளுக்குத் தடை தொடங்கும். ஜூன் 14 வரை 61 நாள். நாட்டுப்படகுகள் மட்டும் கடலுக்குப் போய்வரும். எனக்கு வேலை பாதிகூட இருக்காது. ஊரில் வலை பின்னுவார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். நான் கலர் மைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். இளவேனில் என்றால் எனக்கு இதுதான்.

முதலில் கணக்கு மை. ஆரம்பத்தில் எல்லோரையும் போல ராயல் புளூ போட்டு எழுதினேன். ஒருநாள் ஐஸ் பெட்டி சாய்ந்து தண்ணீர் பேரேட்டின் மேல் ஓடியது. ஒரு வார நண்டுக் கணக்கு நீலக் குளமாகிவிட்டது. தண்ணீரில் போகும் மை என்று புட்டியிலேயே எழுதியிருந்தது. படிக்காதது என் தப்பு. எட்டிப் பார்த்த சம்மாட்டி, "என்ன தம்பி, நோட்டுல கடலையே ஊத்தி வச்சிருக்க?" என்றார். "மாத்தி எழுதிர்றேண்ணே" என்று சொல்லி, எடைச் சீட்டுகளைத் தேடிப் பிடித்து எழுத இரண்டு ராத்திரி ஆனது.

அதற்குப் பிறகு இரும்பு மைக்கு மாறினேன். விஷயம் பழசுதான். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்ந்தால் கறுக்கும் என்பது நம் பாட்டன்மாருக்கும் தெரியும். இந்த மை எழுதும்போது வெளிறிய நீலமாக இருக்கும். காற்றுப் படப்படக் கறுத்து, காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும். நான் வாங்குவது டயமின் ரெஜிஸ்ட்ரார்ஸ். 1864-இல் லண்டனில் தொடங்கி, பிறகு லிவர்பூலுக்குப் போன இங்கிலாந்துக் கம்பெனி. அந்த நாட்டுப் பிறப்பு, திருமணப் பதிவேடுகளுக்கென்று செய்த மை. பிறகும் பேரேட்டில் ஐஸ் தண்ணீர் பட்டிருக்கிறது, எழுத்து அசையவில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். இதில் அமிலம் உண்டு. பேனாவில் மாதக்கணக்கில் காயவிட்டால் நிப்பு கெடும். நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவிவிடுகிறேன்.

கழுவுவதில்தான் இந்தக் கடற்கரையின் குணம் தெரிந்தது. முதல் வருடம் வீட்டு போர் தண்ணீரில் கழுவினேன். பேனா வரவர வறண்டு, பாதி எழுத்தில் நின்றது. நிப்பைக் கழற்றிப் பார்த்தால், அடியில் இருந்து மை கடத்தும் நாக்கின் மெல்லிய பள்ளங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. துணி துவைத்தாலே நுரைக்காத தண்ணீர், மயிரிழை போன்ற பள்ளத்தை விட்டுவைக்குமா? இப்போது இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கடைசி அலசு. ஐந்து லிட்டர் கேன் ஒன்று எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் வருகிறது. தொண்டி முதல் சாயல்குடி வரை யார் மைப்பேனா வாங்கினாலும், பேனாவுக்கு முன்னால் இந்தக் கேனை வாங்கச் சொல்வேன்.

பேனாக்கள் மூன்று. ஹீரோவுக்கு நிப்பு முழுக்க வெளியே தெரியாது, முனை மட்டும் எட்டிப் பார்க்கும். அதனால் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஏலக்காரரோடு பேசி முடித்துத் திரும்பினாலும் காயாமல் எழுதுகிறது. காற்று அடிக்கிற ஊரில் இது பெரிய விஷயம்.

இரண்டாவது எபோனைட். தமிழ்நாட்டில் இன்னும் கையால் கடைசல் பிடித்து இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ரப்பரோடு கந்தகம் சேர்த்து இறுக்கிய பொருள். கையில் உலோகம் போல வழுக்காது. பில்லரால் நேராக உடம்புக்குள் மை ஊற்ற வேண்டும், கொள்ளளவு அதிகம். பாதிக்கு மேல் தீர்ந்ததும் சித்திரை வெயிலில் கையின் சூட்டுக்கு உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைக் கக்கும். இரண்டு சட்டை போன பிறகு பழகிக்கொண்டேன்: பாதியானதும் நிரப்பிவிடு, மரையில் சிலிக்கோன் கிரீஸ் தடவு, பையில் நிப்பு மேலே பார்க்க வை. வெயிலில் கிடந்தால் எபோனைட்டின் கறுப்பு பழுப்பாகிவிடும். என்னுடையது ஒரு பக்கம் கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

மூன்றாவது லாமி சஃபாரி, 1980-இல் வந்த ஜெர்மன் பிளாஸ்டிக் பேனா. கலர் மைக்கு இதுதான், கழுவ இவ்வளவு சுலபமான பேனா என்னிடம் வேறில்லை. நாலாவதாக ஒன்று இருந்தது. பேர் வேண்டாம். உப்புக்காற்றில் ஆறே மாதத்தில் கிளிப்பு துருப்பிடித்து, சட்டைப்பையில் காவிக் கோடு போட்டது.

இப்போது கலருக்கு வருவோம். பாம்பன் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. பெண்கடல், ஆண்கடல் என்போம். சித்திரையில் இரண்டும் இரண்டு நிறம். நான் மை தேடியது இந்த இரண்டுக்கும்தான். ஆண்கடலுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தியது ஜப்பானின் பைலட் கம்பெனி செய்யும் இரோஷிசுக்கு வரிசையில் கோன்-பெகி என்கிற நீல மை. காகிதத்தில் கோடு முடியும் இடத்தில் தேங்கி அடர்நீலமாகவும், நடுவில் வெளிறியும் நிற்கிறது. விலை அதிகம், வருடத்தில் இரண்டு மாதம்தான் தொடுகிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். பெண்கடலின் அந்தக் கலங்கிய பச்சை எந்தப் புட்டியிலும் வரவில்லை. கல்கத்தா சுலேகா மைகளையும் வாங்கிப் பார்த்தேன். 1934-இல் சுதேசி வேகத்தில் பிறந்த பெயர் என்பதால் ஒரு பாசம். எழுத நன்றாக இருக்கின்றன, பெண்கடல் மட்டும் கிடைக்கவில்லை.

மினுக்குகிற மைகளைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. நீலத்தில் சாய்த்துப் பார்த்தால் செம்பு போல ஒளிரும் வகை. அந்த மினுமினுப்பு, சாயம் காகிதத்துக்குள் இறங்காமல் மேலேயே படிந்து உறைவதால் வருவது. உள்ளூரில் சாயங்காலம் ஆனால் காகிதமே ஈரம் குடிக்கும். மறுநாளும் விரல் பட்டால் இழுத்துக்கொண்டு வரும். மருமகளுக்கு எழுதிய பிறந்தநாள் வாழ்த்தில் அவள் பெயரைவிட என் கட்டைவிரல்தான் தெளிவாக விழுந்திருந்தது.

காகிதம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெல்லிய நோட்டில் மை ஊறும். கரும்புச் சக்கையிலிருந்து தமிழ்நாடு காகித ஆலை செய்யும் டிஎன்பிஎல் தாள் எனக்குப் போதும். மத்தியானம் எழுதுங்கள், கடல் ஈரம் இறங்கும் முன்.

வெளுப்பதையும் சோதித்தேன். ஒரு தாளில் எல்லா மையாலும் கோடு போட்டு, பாதியை அட்டையால் மறைத்து, கிழக்கு ஜன்னலில் ஒரு மாதம் ஒட்டி வைத்தேன். ரோஸ் ஆவி போலானது. ஊதா பாதி. இரும்பு மை அப்படியே.

ஒரு கிறுக்குத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். செபியா என்கிற பழுப்பு நிறத்துக்கு அந்தப் பெயர் வந்ததே கணவாயால்தான். கணவாய் மையைத்தான் முன்பு எழுதவும் வரையவும் பயன்படுத்தினார்கள். எங்கள் தொழிலே கணவாய், விடுவேனா? பையைக் கிழித்து எடுத்து, வடிகட்டி, மூங்கில் குச்சியில் தொட்டு எழுதினேன். நல்ல கரும்பழுப்பு. பேனாவுக்குள் ஊற்றவில்லை, அது கரையாத துகள், நாக்கை அடைத்துவிடும். மூன்றாம் நாள் வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையில் புட்டி குப்பைக்குப் போனது. எழுதிய தாள் மட்டும் இருக்கிறது. மழை நாளில் லேசாக நாறும்.

ஜூன் 13 ஆனால் கலர் பேனாவைக் கழுவ உட்காருவேன். கேன் தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி ஊற்றி மாற்ற வேண்டும். கோன்-பெகி நாலு டம்ளரில் தெளிந்துவிடும். ஊதா ஏழு டம்ளர் கேட்கும். அதற்குள் துறையில் ஐஸ் ஏற்றும் சத்தம் தொடங்கியிருக்கும்.