பிள்ளைக்குத் தனிச் சமையலா, நடுவில் எடுத்து வைப்பதா?

ஒன்றரை வயதுப் பிள்ளையும், காரம் இல்லாமல் சோறு இறங்காத பெரியவர்களும் ஒரே வீட்டில் இருந்தால் சமையலுக்கு மூன்று வழி உண்டு. பிள்ளைக்குத் தனியாக அடுப்பில் ஏற்றலாம். எல்லாருக்குமே காரமில்லாமல் சமைத்து, பெரியவர்கள் தட்டில் பொடியோ ஊறுகாயோ போட்டுக்கொள்ளலாம். அல்லது ஒரே சமையலைத் தொடங்கி, மிளகாய் விழுவதற்கு முன் பிள்ளையின் பங்கை எடுத்து வைத்துவிடலாம். எங்கள் வீடு மூன்றாவது வழியில் வந்து நின்றிருக்கிறது. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

ஒரு வயது ஆகாத குழந்தைகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆறு மாதத்தில் திட உணவு தொடங்கி முதல் பிறந்தநாள் வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்காமல் கொடுக்கச் சொல்கிறார்கள்; தேன் கூடவே கூடாது. அந்தக் கட்டத்தில் தனிக் கிண்ணம்தான் நிம்மதி.

தனிச் சமையலின் நன்மை எல்லாருக்கும் தெரிந்ததுதான். உப்பு நம் கையில் இருக்கும், எவ்வளவு குழைய வேண்டுமோ அவ்வளவு குழைக்கலாம், காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று படுத்தால் வேறு யோசனையே வேண்டாம். பாத்திரம் கூடும் என்பதும் தெரிந்ததே. என் குறை வேறு. தனியாகச் செய்யும்போது கை தானாகவே அதே பருப்புசாதம், அதே கேரட், அதே நெய், மிக்ஸியில் ஒரு சுற்று என்று போய்விடும். கடித்து மெல்லப் பழக வேண்டிய வயதில் பிள்ளை கூழிலேயே நிற்கும். பக்கத்தில் நாம் முருங்கைக்காயைக் கடித்து இழுப்பதை வேடிக்கை மட்டும் பார்க்கும். கிண்ணத்தில் மீந்ததை அம்மா வழித்துச் சாப்பிடுவது எந்த வீட்டிலும் நடப்பதுதான்.

எல்லாருக்கும் காரமில்லாமல் சமைப்பது கேட்க அழகாக இருக்கும். சில உணவுக்கு நன்றாகவே பொருந்தும்: இட்லி, இடியாப்பம், பாசிப்பருப்புக் கூட்டு, அவியல். தினசரி வழியாக வைத்துக்கொண்டால்தான் சிக்கல். சப்பென்று இருக்கும் குழம்பை ஈடுகட்ட ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் என்று மேசை நிறைந்துவிடும். இவை மூன்றுமே உப்புப் பண்டங்கள். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைக்காகக் காரத்தைக் குறைத்து, ரத்த அழுத்த மாத்திரை போடும் தாத்தாவுக்கு உப்பைக் கூட்டிவிடுகிறோம்.

சரி, எடுத்து வைக்கும் வழிக்கு வருவோம். "பிள்ளைக்கு எடுத்து வச்சிட்டியா?" என்று பாட்டிமார் அடுப்படியை எட்டிப் பார்த்துக் கேட்பதுதான் இது. சுலபமாகத் தோன்றினாலும், நடப்பதும் நடக்காததும் ஒரே ஒரு விஷயத்தில் இருக்கிறது: அந்த உணவில் காரம் எந்தக் கட்டத்தில் விழுகிறது? அதைப் பார்த்து மெனு போட்டால் வேலை பாதி முடிந்தது.

சாம்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பு மஞ்சள்தூளோடு தனியாக வேகிறது. காயும் தனியாகத்தான் வேகும். புளி விழுந்தபின் காய் விறைத்துக்கொண்டு வேகாது என்பதால் புளிக்கரைசல் பிறகுதான் வரும். சாம்பார்பொடியும் உப்பும் அதோடு. ஆக, பருப்பும் வெந்த காயும் தயாராகி, புளியும் பொடியும் இன்னும் சேராத ஒரு இடைவெளி சாம்பாரின் முறையிலேயே இருக்கிறது. அங்கே இரண்டு கரண்டி பருப்பு, ஒரு துண்டு பூசணி, கொஞ்சம் கேரட் எடுத்துவிட்டால் பிள்ளையின் மதியச் சாப்பாடு முடிந்தது. ரசத்துக்கும் அதே பருப்புத் தண்ணீர்தான்.

வெண்பொங்கல் இன்னும் வசதி. அரிசியும் பாசிப்பருப்பும் குழைந்தபின் மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரியை நெய்யில் வறுத்துக் கொட்டுவதற்கு முன் பிள்ளையின் பங்கை எடுத்து, மேலே வெறும் நெய் விட்டால் போதும். இதில் காரத்தைத் தாண்டி இன்னொரு லாபமும் உண்டு. முழு முந்திரி, வேர்க்கடலை, வறுத்த கடலைப்பருப்பு எல்லாம் சின்னக் குழந்தையின் தொண்டையில் அடைக்கக்கூடியவை. முழுக் கொட்டைகளை ஐந்து வயது வரை கொடுக்க வேண்டாம் என்கிறார்கள். தாளிப்புக்கு முன்பே எடுத்துவிட்டால் இவற்றைத் தட்டில் தேடிப் பொறுக்கும் வேலை இல்லை.

உப்புமாவில்தான் இந்த வழி தடுக்கும். பச்சைமிளகாய் முதலிலேயே எண்ணெயில் விழுந்துவிடுகிறது. மிளகாயை நீளமாகக் கீறிப் போட்டு, பிறகு எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுத்தாலும் காரம் போகாது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் எண்ணெயில் கரைவது, அந்த எண்ணெய்தான் ரவை முழுக்கப் பூசியிருக்கிறது. (பிள்ளை காரத்தைக் கடித்துவிட்டால் தண்ணீரைவிடத் தயிரோ பாலோ கேட்பதும் இதனால்தான்.) எனவே உப்புமாவை வெறும் கடுகு, வெங்காயத்தோடு கிளறி முடித்து, பிள்ளைக்கு எடுத்துவிட்டு, மிளகாய், உளுந்து, கறிவேப்பிலையைக் கடைசியில் தாளித்துக் கொட்டுகிறோம். பொரியலுக்கும் அதே மாற்றம். ருசி கொஞ்சம் மாறத்தான் செய்கிறது. உப்புமாவில் தெரியும், பீன்ஸ் பொரியலில் அவ்வளவாகத் தெரியாது.

அடை மாவு ஒரு தனிக் கதை. வழக்கமாக மிளகாய் வற்றலை அரிசியோடு ஊறவைத்து முதலிலேயே அரைத்துவிடுவோம். அதைத் தள்ளிவைத்து, மாவு அரைத்தபின் போட்டால், கெட்டி மாவில் வற்றல் மசியாமல் தோலும் விதையுமாக நிற்கும். வற்றலையும் சோம்பையும் தனியாகக் கொஞ்சம் தண்ணீர் விட்டு விழுதாக்கி வைத்துக்கொண்டு, இரண்டு கரண்டி வெறும் மாவைப் பிரித்தபின் அந்த விழுதைக் கலந்தால் சரியாக வருகிறது. மிக்ஸி ஜார் ஒன்றுதான்: முதலில் மாவு, பிறகு விழுது. தேங்காய்ச் சட்னிக்கும் அதே வரிசை. தேங்காய், பொட்டுக்கடலையை அரைத்துப் பிள்ளைக்கு ஒரு ஸ்பூன் எடுத்துவிட்டுப் பச்சைமிளகாயைப் போட்டு இன்னொரு சுற்று.

அசைவத்தில் மட்டன் இதற்குத் தோதானது. மஞ்சள்தூள், சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டோடு குக்கரில் வேகவைத்துவிட்டு மசாலாவை வாணலியில் சேர்ப்பவர்கள், நடுவில் எலும்புச் சாறையும் மெத்தென்ற கறியையும் எடுத்துவிடலாம். பிள்ளைக்குக் கறியை நார்நாராகப் பிய்த்துத்தான் கொடுக்க வேண்டும். மீன் வறுவலில் ஒரு துண்டை மஞ்சளும் எலுமிச்சையும் மட்டும் தடவி, கல்லில் மசாலா ஒட்டுவதற்கு முன் முதல் ஆளாகப் போட்டு எடுப்போம். மீன் குழம்பு, வத்தக்குழம்பு, காரக்குழம்பு எதுவும் இந்த வழிக்குள் வராது. புளியும் மிளகாயும் சேர்ந்து கொதிப்பதுதான் அவற்றின் உயிரே. அந்த நாளில் முட்டையோ பருப்போ தனியாகத்தான். வாரத்தில் ஓரிரு நாள் அப்படிப் போனால் பெரிய சுமையாகத் தெரியவில்லை.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்று முதல் மூன்று வயது வரை ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை. அது அரை டீஸ்பூன்கூட இல்லை. காரத்துக்கு முன் எடுக்கும்போது உப்புக்கும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. பிறகு பிள்ளையின் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ளலாம். பிஸ்கட், சீஸ், பிரெட்டில் வருவதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இந்த வழியில் எனக்கு இன்னும் ஒத்துவராத இடம் குழைவு. பெரியவர்களுக்குச் சோறு உதிரியாக வேண்டும், பிள்ளைக்குக் குழைவாக வேண்டும். குக்கரைத் திறந்த சூட்டில் பிள்ளைக்கான சோற்றை எடுத்து, கொஞ்சம் வெந்நீர் விட்டு மத்தின் குமிழால் அழுத்தினால் மசியும். ஆறிவிட்டால் பருக்கை பருக்கையாக நழுவும். காய்க்கு, குக்கருக்குள் பருப்பின் மேல் ஒரு சின்னக் கிண்ணம் வைக்கிறோம். கண்டிப்பாகப் பார்த்தால் இது பாதித் தனிச் சமையல்தான்.

பத்துப் பேருக்கு உலை வைக்கும் கூட்டுக்குடும்பத்தில் இது எப்படி ஓடும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. அங்கே சமைப்பவர் ஒருவர், ஊட்டுபவர் வேறொருவர் என்பதால், நேரம் தப்பாமல் ஒருவர் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும். பால், முட்டை, வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் கரண்டியைக்கூடப் பகிரக் கூடாது. அவர்களுக்குத் தனிப் பாத்திரமும் மருத்துவர் சொல்வதும்தான்.

இரண்டு வயதைத் தாண்டினால் எடுத்து வைக்கும் கட்டத்தையும் தள்ளிக்கொண்டே போகலாம். முதலில் தாளிப்பின் கடுகும் சீரகமும் சேர்த்துக் கொடுத்தோம். அடுத்து ரசத்தின் தெளிவை ஒரு ஸ்பூன் பருப்புசாதத்தில் விட்டுப் பார்த்தோம். மிளகு முதலில், வற்றல் பிறகு என்பது எங்கள் வீட்டு வரிசை. இப்போது புளி சேர்ந்தபின், சாம்பார்பொடி விழுவதற்குச் சற்று முன்புதான் எடுக்கிறோம். அடுத்த மாதம் பொடியிலும் ஒரு சிட்டிகை போட்டுப் பார்ப்பதாக இருக்கிறோம்.