தினமும் 15 நிமிடமா, வாரம் ஒரு மணி நேரமா?

வெள்ளவத்தையில் நான், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நாலு பேர், லண்டனில் ஒருவர். ஸூம் கூட்டத்தை இரண்டு விதமாகவும் நடத்திப் பார்த்துவிட்டோம்.

வாரக் கூட்டத்தில் ஒரு விஷயத்தை ஆற அமரப் பேசலாம். ஆனால் 20 நிமிடம் போனால் கமெராக்கள் ஒவ்வொன்றாக அணையும். பெயர் சொல்லிக் கேட்டால், "ஆ, என்ன கேட்டனீங்கள்?" பிளேன்ரீ போடப் போயிருப்பார்கள். நானும் போயிருக்கிறேன்.

தினக் கூட்டத்தில் ஆளுக்கு இரண்டரை நிமிடம்தான், ஒளிய இடமில்லை. மென்பொருள் குழுக்கள் வேலையைத் திட்டமிடப் பயன்படுத்தும் ஸ்க்ரம் முறையிலும் தினக் கூட்டத்துக்கு இதே 15 நிமிட வரம்புதான். நடத்துபவரைத் தினமும் மாற்றினோம். அப்புறம்தான் எப்போதும் மௌனமாக இருந்த இருவர் வாய் திறந்தார்கள். கமெராவைக் கட்டாயமாக்கவில்லை, போன் டேட்டாவில் வருகிறவருக்கு வீடியோ வீண் செலவு.

கணக்குப் பார்த்தால் வாரத்துக்கு 75 நிமிடம், அதாவது 15 நிமிடம் கூடுதல். லண்டன் நேரம் இன்னொரு தலையிடி: நமக்குக் காலை 9 மணி என்றால் அங்கே கோடையில் அதிகாலை 4.30, குளிர்காலத்தில் 3.30. அதனால் பிற்பகல் 2.30க்கு மாற்றினோம்.

என் ஓட்டு தினக் கூட்டத்துக்கே. நீண்ட விவாதம் வந்தால், சம்பந்தப்பட்ட இருவர் தனியாக அழைத்துப் பேசிக்கொள்ளட்டும்.