வீட்டுக் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்ற எந்தக் கருவி? நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

வளைகுடாவிலிருந்து வந்த கேசட் கடிதங்கள், கல்யாண வீட்டு நலங்குப் பாட்டு, பாட்டியின் தாலாட்டு என்று பீரோவில் கிடக்கும் டேப்புகளைக் கணினியில் ஏற்ற நினைப்பவர்கள் முதலில் வாங்குவது யூஎஸ்பி ஒயரோடு வரும் மலிவான சின்ன பிளேயரைத்தான். அதையும் பழைய கேசட் டெக்கையும் (ஆம்ப்ளிஃபயரோடு இணைத்துக் கேட்கும் பெரிய பிளேயர்) பல வருடம் பயன்படுத்தியதில் என் முடிவு: டெக்தான். சின்ன பிளேயரில் வேகத்தைச் சீராக வைக்கும் ஃப்ளைவீல் சக்கரம் லேசானது, வேகம் நிலையாக நிற்காது. நாதஸ்வரம் நீட்டி ஊதும் இடத்தில் சுருதி நெளிவது உடனே காதில் படும்.

பழைய டெக்கை வாங்கிய கையோடு மோட்டார் சுழற்றும் ரப்பர் பெல்ட்டை மாற்றிவிடுங்கள். பழைய ரப்பர் உருகிக் கறுப்புப் பிசினாகக் கப்பியில் ஒட்டியிருக்கும். 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் போகும். புது பெல்ட்டின் அளவுக்கு, அது ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதைவிட 5 முதல் 8 சதவீதம் குறைவாக வாங்குங்கள். மளிகைக்கடை ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம். டேப்பை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர் பளபளவென்று இறுகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். டேப் சிக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த ரோலர், இல்லையென்றால் சுற்றி எடுக்கும் பக்கத்து ஸ்பூலின் இழுவை குறைந்திருப்பது.

எல்லாவற்றையும்விட முக்கியம், டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டின் கோணத்தை மாற்றும் ஸ்குரூ. கேசட் விநாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. ‘ஸ’, ‘ச’ ஒலிகளில் இருக்கும் 5,000 ஹெர்ட்ஸ் அலை டேப்பில் பிடிக்கும் நீளம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பதிவு செய்த டேப் ரெக்கார்டரின் ஹெட்டும் உங்கள் டெக்கின் ஹெட்டும் ஒரே கோணத்தில் நிற்காவிட்டால் முதலில் போவது அந்த ஒலிகள்தான். குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல அமுங்கிவிடும். பிறகு சாஃப்ட்வேரில் ட்ரெபிளை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும்.

ஹெட்டின் இரு பக்கமும் ஸ்குரூ இருக்கும். ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருப்பதே திருப்ப வேண்டியது. பல டெக்குகளில் கதவின் மூடியைக் கழற்றினாலே எட்டும். முதலில் நெயில் பாலிஷால் பழைய நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். இடது, வலது சேனல்களை ஒன்றாகச் சேர்த்து மோனோவாக ஹெட்போனில் கேட்டபடி, மிக மெதுவாகத் திருப்புங்கள். கோணம் பிசகியிருந்தால் இரண்டு சேனலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குரல் இன்னும் மங்கும். சரியான இடத்தில் ‘ச’ பளிச்சென்று திறக்கும். ஒவ்வொரு கேசட்டுக்கும், ஒரே கேசட்டின் இரண்டாம் பக்கத்துக்கும்கூட, இதைத் திரும்பச் செய்ய வேண்டும். இரைச்சல் குறைப்பு வசதியான டால்பியை அணைத்தே வையுங்கள். வீட்டு டூ-இன்-ஒன்களில் பெரும்பாலும் அது கிடையாது.

அடுத்தது வேகம். பேட்டரி இறங்க இறங்கப் பதிவு செய்த கேசட்டில் மோட்டார் மெதுவாக ஓடியிருக்கும். இப்போது சரியான வேகத்தில் போட்டால், போகப்போகக் குரல் கீச்சென்று உயரும். கரண்டில் பதிவானது என்றால் அடியில் கேட்கும் ‘ம்ம்’ ஹம்மே அளவுகோல். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது பெரும்பாலும் 100-இல் தெரியும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி சாஃப்ட்வேரின் ஸ்பெக்ட்ரத்தில் (அதிர்வெண் வரைபடம்) 104 என்று காட்டினால் டேப் 4 சதவீதம் வேகம்; வேகத்தை 100/104 ஆகக் குறையுங்கள். சவூதியிலிருந்து வந்த கேசட் என்றால் கவனம், அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், 120-ஐத் தேட வேண்டும். துபாய், குவைத், கத்தாரில் நம்மைப் போலவே 50.

நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பூஞ்சை பிடிக்காத கேசட் குறைவு. கேசட்டின் ஜன்னல் வழியே டேப் விளிம்பில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அதை டெக்கில் போடாதீர்கள். அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் சில வாரம் உலர்த்தி, மாஸ்க் போட்டு, வெளியே வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். ஹேர் டிரையர் கூடாது. ஹெட்டுக்கு எதிரே டேப்பை அழுத்தும் ஃபெல்ட் பேட் உதிர்ந்திருந்தால், வேறு கேசட்டிலிருந்து ஸ்பிரிங்கோடு எடுத்துப் பொருத்தலாம். அறுந்த டேப்பை செலோடேப்பால் ஒட்டினால் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்ப்ளைசிங் டேப்பையே ஹெட்டைத் தொடாத பக்கத்தில் ஒட்டுங்கள். சி-120 கேசட்டின் டேப் சுமார் 9 மைக்ரான்தான், அதை அடிக்கடி ரீவைண்ட் செய்யாதீர்கள். போடுமுன் எந்தக் கேசட்டிலும் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிட்டால் தவறி அழியாது.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் ஃபைல். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி. உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட விடாதீர்கள். இரைச்சல் நீக்கத்தை மூலத்தில் செய்யாமல் நகலில் மட்டும் செய்யுங்கள்.

டெக்கை மாதம் ஒருமுறையாவது பத்து நிமிடம் ஓட விடுங்கள். பிளே பட்டனை அழுத்திய நிலையில் அணைத்துவிட்டுப் போனால் ரோலரில் பள்ளம் விழும், அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் குரல் ஒருமுறை துள்ளும்.