வடக்குச் சுவரோரம் ஒரு ஸ்கிம்மியா: எட்டுக் குளிர்காலங்கள்

லண்டனின் தெற்கு ஓரத்தில், குரோய்டனைத் தாண்டியதும், மண்வெட்டி படும் இடமெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புக் கல் பெயர்ந்து வரும். அந்த மண்ணில்தான் 2016 அக்டோபரில் என் முதல் ஸ்கிம்மியாவை நட்டேன். ஆண்டு முழுக்க இலை உதிராத சிறு புதர்ச்செடி அது. ‘ரூபெல்லா’ என்னும் வகை. தோட்டக் கடையில் மற்றச் செடிகள் இலை உதிர்த்து நின்ற வேளையில், அது மட்டும் குண்டூசித் தலை அளவுச் செம்மொட்டுகளைக் கொத்துக் கொத்தாக ஏந்தி நின்றது. குளிர்காலம் முழுக்க அந்த மொட்டுகள் அப்படியே இருக்கும். ஏப்ரல் வாக்கில் வெண்பூவாக விரிந்து மணக்கும்.

நான் தேர்ந்த இடம் தவறு. மதிய வெயில் விழும் மேற்குப் பக்கம். 2018 கோடையில் இலைகள் வெளுத்தன: நரம்புகள் பச்சை, இடையெல்லாம் மஞ்சள். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் குழாய் நீரை இன்னும் ஊற்றினேன். எங்கள் குழாய் நீரோ கெட்டிலில் வெள்ளைப் படலம் கட்டுவது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் இந்தச் செடியின் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

அந்தச் செப்டம்பரில் செடியைத் தோண்டியெடுத்து, ‘எரிகேசியஸ்’ என்று விற்கும் அமில மண்கலவை நிரப்பிய தொட்டிக்கு மாற்றி, வடக்குச் சுவரோரம் வைத்தேன். மழைநீர் பிடிக்க ஒரு பீப்பாயும் வாங்கினேன். வெளுத்த இலைகள் தேறவில்லை. ஆனால் அடுத்த வசந்தத்தில் வந்த தளிர்கள் கரும்பச்சையாகத் தழைத்தன. 2022 ஜூலையில் இங்கிலாந்தில் வெப்பம் முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியபோதும் அந்த நிழலில் ஓர் இலைகூடக் கருகவில்லை.

செடி தழைத்தும் காய்க்கவில்லை. அதற்குக் காரணம் வேறு. ஸ்கிம்மியாவில் ஆண் செடி தனி, பெண் செடி தனி, ரூபெல்லா ஆண். பக்கத்தில் ‘நைமன்ஸ்’ என்ற பெண் செடி வைத்த பிறகுதான் சிவப்புப் பழங்களைக் கண்டேன். பறவைகள் அவ்வளவாகத் தொடுவதில்லை. அதனால் சென்ற ஆண்டின் பழமும் இந்த ஆண்டின் பூவும் ஒரே கிளையில் அருகருகே இருக்கும். அதைப் பார்க்கவே ஏப்ரலில் காலைத் தேநீரோடு வெளியே போய் நிற்கிறேன். பழம் உண்ணத் தக்கதல்ல. குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் வேண்டும்.

அம்மா வந்திருந்தபோது ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, நாரத்தை இலையின் சாயல் இருக்கிறது என்றார். அவர் மூக்கு பொய் சொல்லவில்லை. நாரத்தை, எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் எல்லாம் இதே குடும்பம்தான்.

தொட்டி வேண்டாம், சுண்ணாம்பு மண்ணிலேயே நட வேண்டும் என்பவர்களுக்கு சார்கோகாக்கா என்ற குளிர்காலப் பூப்புதரைத் தயங்காமல் சொல்வேன். என் தோட்டத்தில் அது கவனிப்பே இல்லாமல் வளர்கிறது. ஜனவரியில் வாசல்வரை மணக்கிறது. தொட்டியில் வளர்க்கும் இன்னொரு பூச்செடியான கமீலியா அப்படியல்ல, ஆகஸ்டில் தொட்டி காய்ந்தால் குளிர்காலத்தில் மொட்டுகளை உதிர்த்துவிடும்.

ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால் ‘ரீவ்ஸியானா’ வாங்குங்கள். அதன் பூவில் ஆண், பெண் இரண்டும் உண்டு, துணைச்செடி இல்லாமலே காய்க்கும். நானும் இந்த அக்டோபரில் ஒன்று வாங்கப்போகிறேன். சுவரோரம் இடம் ஒதுக்கிவிட்டேன்.