டீசலை விட்டு ஹைப்ரிட்டுக்கு: 46,000 கிலோமீட்டர் ஓடிய ஹைரைடர்

2012-இல் வாங்கிய டீசல் டிசையர் 3,12,000 கிலோமீட்டரைக் கடந்த பிறகு, 2024 ஜூனில் அதை விற்றுவிட்டு டொயோட்டா அர்பன் க்ரூய்சர் ஹைரைடரின் ஹைப்ரிட் வகையை, அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வகையை, வாங்கினேன். கோவை ராம் நகரிலிருந்து திருப்பூருக்குப் போக 52, வர 52 கிலோமீட்டர் என்று ஞாயிறு தவிர எல்லா நாளும் ஓட்டுகிறவன் நான். பதினேழு மாதங்களில் புதிய வண்டி 46,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. நிறைய ஓடிய டீசல் காரை வைத்துக்கொண்டு அடுத்தது என்ன என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பழைய வண்டியின் எஞ்சினைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஃபியட்டின் அந்த 1,248 சிசி மல்டிஜெட், ஸ்விஃப்ட், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல நிறுவனங்களின் கார்களில் ஓடியதால் அதை இந்தியாவின் தேசிய டீசல் எஞ்சின் என்றே சொல்வார்கள். 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் இழுவிசை. ஆனால் மூன்றாவது கிளட்ச், இரண்டாவது சஸ்பென்ஷன் வேலை, ஏசி கம்ப்ரஸர், இஞ்செக்டர்கள் என்று கடைசி இரண்டு ஆண்டுகளில் மாதம் ஒரு முறையாவது பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது. "இஞ்சின் இன்னும் ஓடுங்ணா, அதைச் சுத்தி இருக்கறதுதான் ஓய்ஞ்சு போச்சு" என்றார் பீளமேட்டில் எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக வண்டி பார்த்த மெக்கானிக். 2027-இல் ஆர்.சி. என்ற பதிவுச் சான்றின் பதினைந்து ஆண்டுக் கெடு முடிந்து, எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு நிற்க வேண்டியிருக்கும் என்பதும் ஒரு காரணம்.

மறுபடியும் டீசலே வாங்கலாம் என்பதுதான் என் முதல் எண்ணம். மாருதி 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி வந்தபோதே டீசலைக் கைவிட்டுவிட்டாலும், நெக்ஸான், வென்யூ, சோனெட் போன்றவற்றில் டீசல் கிடைத்தது. என்னைத் தயங்க வைத்தது புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி. அதில் சேரும் கரி எரிந்து போக வேண்டுமென்றால் வண்டி கொஞ்ச நேரம் விடாமல் நல்ல வேகத்தில் ஓடி, புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். திருப்பூர் சாலையில் அது நடக்கும்; ஆனால் வீட்டில் மற்றவர்கள் ஊருக்குள் நாலு கிலோமீட்டர் போய் நிறுத்தி, மறுபடி நாலு கிலோமீட்டர் ஓட்டும் பழக்கத்துக்கு அந்த வடிகட்டி ஒத்துவராது. தவிர, 2012-இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இருபத்தைந்து ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. நான் மாறிய 2024-இல் எட்டு ரூபாய்தான்.

மின்சாரக் கார் வாங்கியிருக்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழ்த்தளத்தில் என் வண்டி நிற்குமிடத்துக்குத் தனி மின் இணைப்பு இழுக்க மற்ற உரிமையாளர்கள் சம்மதிக்கவில்லை. சொந்த வீடும் சொந்த வாசலும் இருந்திருந்தால், சாலை வரி விலக்கும் சேர்ந்து, நான் இந்த மதிப்புரையை வேறொரு வண்டியைப் பற்றித்தான் எழுதியிருப்பேன்.

ஹைரைடரின் ஹைப்ரிட் வகையில் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினும் ஒரு மின் மோட்டாரும் சேர்ந்து ஏறக்குறைய 115 குதிரைத்திறன் தருகின்றன. இடையில் இருக்கும் பேட்டரி 0.76 கிலோவாட் மணி கொள்ளளவே கொண்டது. அதை வெளியிலிருந்து சார்ஜ் செய்ய வழியும் இல்லை, தேவையும் இல்லை. பிரேக் மிதிக்கும்போதும் ஆக்ஸிலரேட்டரை விடும்போதும் வீணாகப் போகும் ஆற்றலைப் பிடித்து அதில் போட்டு, அடுத்த முறை வண்டி நகரும்போது எடுத்துக்கொள்கிறது. இதில் கிளட்ச் இல்லை. தனியாக ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் இல்லை. பழைய வண்டியில் நான் காசு கொட்டிய உறுப்புகளில் மூன்று இந்த வண்டியில் இல்லவே இல்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

நெரிசலில்தான் இந்த வண்டியின் அருமை தெரியும். வாங்கிய புதிதில் லட்சுமி மில்ஸ் சிக்னலிலிருந்து ஹோப் காலேஜ் வரை காலை ஒன்பது மணிக்கு ஊர்ந்து போகும்போது, எஞ்சின் பெரும்பாலும் அணைந்தே இருக்கும். ஏசி கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் குளிர்ச்சியும் குறையாது. டீசலில் அதே தூரத்தில் இடது கால் கடுத்துப்போய், அலுவலகம் சேரும்போதே பாதி நாள் உழைத்த களைப்பு இருக்கும். அந்த நாள்களில் மொத்த ஓட்டத்துக்கும் லிட்டருக்கு 24 கிலோமீட்டர் கிடைத்தது. 2025 அக்டோபரில் அதே அவினாசி சாலைக்கு மேலே உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டர் மேம்பாலம் திறந்ததும் நான் இருபது நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்கிறேன், மைலேஜோ 22.5-க்கு இறங்கிவிட்டது. நெரிசல் குறைந்தால் மைலேஜ் குறையும் வண்டியை நான் முதல்முறையாக ஓட்டுகிறேன்.

டீசலிலிருந்து மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். டீசல் கார் நெடுஞ்சாலையில் மிச்சம் பிடித்து ஊருக்குள் கரைக்கும். ஹைப்ரிட் ஊருக்குள் மிச்சம் பிடித்து நெடுஞ்சாலையில் விட்டுவிடும். நீலாம்பூர் தாண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் விடாமல் ஓட்டினால் 20 கிடைப்பதே அதிகம். பேட்டரிக்கு அங்கே வேலை குறைவு. பிரேக் மிதித்தால்தானே அதற்குத் தீனி. அறிவிக்கப்பட்ட 27.97 என்ற எண்ணை நான் ஒரு டேங்கிலும் பார்த்ததில்லை.

கோத்தகிரி மலைப்பாதையில் டிசையரின் நினைவு வந்தது. மூன்றாவது கியரில் இரண்டாயிரம் சுற்றில் பின்னாலிருந்து யாரோ தள்ளுவதுபோல வரும் அந்த இழுவை இதில் இல்லை. ஆக்ஸிலரேட்டரை ஆழமாக மிதித்தால் எஞ்சின் ஒரே சுருதியில் கத்துகிறது, வண்டி தன் நிதானத்தில் ஏறுகிறது. லாரியை முந்த இடம் இருக்கிறதா என்று முன்பைவிடக் கூடுதலாகப் பார்த்துக்கொள்கிறேன். இறங்கும்போது வேறொரு பாடம்: கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் இறக்கம். அந்தச் சிறிய பேட்டரி முதல் சில கிலோமீட்டரிலேயே நிரம்பிவிடும். அதன்பின் கியரை இறக்கத்துக்கென்று இருக்கும் "பி" (B) நிலையில் போட்டால் எஞ்சின் பெட்ரோல் குடிக்காமலே சத்தமாகச் சுற்றி வண்டியைப் பிடித்து நிறுத்தும். முதல்முறை அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏதோ பழுது என்று பயந்து, வளைவு ஒன்றில் ஓரங்கட்டி நின்றேன். பழுதில்லை, வண்டியின் இயல்பே அதுதான்.

டிக்கிதான் எனக்கு நாள்தோறும் உறுத்தும் குறை. பேட்டரி அங்கே இருப்பதால் இடம் 265 லிட்டராகச் சுருங்கி, தளமும் மேடாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் சின்னதாகத் தெரிந்த டிசையரில் 316 லிட்டர் இருந்தது. பனியன் சாம்பிள் அட்டைப்பெட்டி இரண்டை அதில் அடுக்கி மேலே பையும் வைப்பேன். இதில் ஒரு பெட்டி படுக்கிறது, இன்னொன்று பின்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு வருகிறது. குடும்பத்தோடு பயணம் என்றால் பெட்டி படுக்கையைப் பார்த்துப் பார்த்துத்தான் கட்ட வேண்டும். பின்சீட்டில் உட்காருகிறவர்களுக்குக் கால் நீட்ட இடம் தாராளம். என் அம்மா மூட்டுவலியோடு ஏறி இறங்க, இருக்கையின் உயரமும் வசதியாக இருக்கிறது.

பணக் கணக்கைக் கூட்டிக் குறைக்காமல் சொல்கிறேன். டிசையர் கடைசியில் லிட்டருக்கு 17.5 கொடுத்தது, கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் முப்பது காசு. ஹைரைடர் நான்கு ரூபாய் முப்பது காசு. ஒரு ரூபாய் மிச்சம், மாதம் 2,600 ரூபாய்க்குப் பக்கம். 20 லட்ச ரூபாயைத் தாண்டிய ஆன்ரோடு விலைக்கு இது எந்த மூலைக்கு? எரிபொருளை மிச்சம் பிடிக்க மட்டும் ஓடுகிற டீசலை விற்காதீர்கள். அந்த விலையிலும், பத்து முதல் இருபது லட்சம் வரையுள்ள கார்களுக்குத் தமிழ்நாடு போடும் 18 சதவீதச் சாலை வரி பெரும் பங்கு. உத்தரப் பிரதேசம் 2024-இல் ஹைப்ரிட்டுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. இங்கே மின்சாரக் காருக்குத்தான் அந்தச் சலுகை.

ஷோரூமில் என் பழைய வண்டிக்கு 90,000 ரூபாய் என்றார்கள். மெக்கானிக் மூலம் அன்னூர் பக்கம் ஒரு விவசாயி 1,70,000 கொடுத்து வாங்கிக்கொண்டார். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, பெயர் மாறிய ஆர்.சி.யைக் கண்ணால் பார்க்கும்வரை நான் விடவில்லை. புது வண்டிக்கு ஷோரூமில் சொன்ன இன்ஷூரன்ஸும் வெளியே நான் கேட்டதும் 14,000 ரூபாய் வித்தியாசப்பட்டது, கேட்டபின்தான் குறைத்தார்கள். 2025 ஹைரைடரில் ஆறு ஏர்பேக் எல்லா வகைக்கும் பொதுவாகிவிட்டதால், பழைய இருப்பைத் தள்ளுபடியில் தருகிறோம் என்று யாராவது சொன்னால் எத்தனை ஏர்பேக் என்று முதலில் கேளுங்கள்.

ஹைப்ரிட் பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம், எது முந்துகிறதோ அது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு எட்டு ஆண்டும் கிடைக்கும். என் ஓட்டத்துக்கு 2029 நடுவிலேயே அது தீர்ந்துவிடும் என்பதால், டிசையரைப் போல இதைப் பன்னிரண்டு ஆண்டு வைத்துக்கொள்வேன் என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.