மாருதி 800-ஐ மின்சாரத்துக்கு மாற்ற: ஆறு டியூபுலரா, 24 எல்.எஃப்.பி. செல்லா?

இன்ஜினை இறக்கி, கியர்பாக்ஸை அப்படியே வைத்து, அடாப்டர் தகடு கடைந்து மோட்டாரைப் பூட்டும் வரை தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பெரிய சிக்கல் இல்லை. நல்ல லேத் பட்டறை இருந்தால் போதும். ஆளைக் குழப்புவது பேட்டரிதான். கடைக்காரர் "ஆறு டியூபுலர் போட்டு முடிச்சிடுங்க" என்பார். விவரம் தெரிந்தவர் லித்தியம் என்பார். இங்கே அலசுவது இரண்டு பேக்குகளை: ஒன்று, வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர் மணி) டியூபுலர் ஈய-ஆசிட் பேட்டரி ஆறு, அதாவது 72 வோல்ட்; மற்றொன்று, 3.2 வோல்ட், 150 ஏ.எச். எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல் 24, அதாவது 76.8 வோல்ட். இதை எழுதும் கை தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. சாய்வு இருக்கும், மறைப்பதற்கில்லை.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அனுமதி இல்லாமல் வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது. பழைய வண்டியை மின்வண்டியாக்கும் கிட்டுக்கான ஏ.ஐ.எஸ். 123 தரப்படி ஏ.ஆர்.ஏ.ஐ., ஐகேட் போன்ற சோதனை மையம் ஒப்புதல் தந்த கிட்டைப் பூட்டி, ஆர்.சி.யில் எரிபொருள் மாற்றம் பதிவானால்தான் பொதுச்சாலை. அதுவரை மாந்தோப்புக்குள் ஓட்டிக்கொள்ளலாம். கிட்டோடு பேட்டரியும் சேர்ந்தேதான் ஒப்புதல் பெறும், பிறகு இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அதனால்தான் இந்தக் கேள்விக்கு முதலிலேயே விடை வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்தவை: டியூபுலர் வாங்கும்போது மலிவு, எந்த ஊரிலும் கிடைக்கும், செத்த பிறகும் ஈயத்துக்காக எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். எல்.எஃப்.பி. விலை கூடுதல், பழசானால் உள்ளூரில் வாங்க ஆள் தேட வேண்டும். டியூபுலருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், டெர்மினலில் பூக்கும் உப்பைத் துடைக்க வேண்டும், சார்ஜில் வரும் ஹைட்ரஜன் வெளியேற வழி விட வேண்டும். பின்சீட்டுக்கு அடியில் மூடிய பெட்டிக்குள் வைத்தால் அது ஆபத்து.

இவற்றை வைத்து முடிவெடுத்தால் தப்பாகத்தான் போகும். முடிவைத் தீர்மானிப்பது சாலையின் ஏற்றமும் அங்கே பேட்டரி தர வேண்டிய கரன்ட்டும்.

டியூபுலர் மேல் 150 ஏ.எச். என்று அச்சடித்திருப்பது சி20 கணக்கு. 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் இழுத்தால் 150 கிடைக்கும் என்று பொருள். வீட்டு இன்வெர்ட்டர் கார் அளவுக்கு வேகமாக இழுப்பதில்லை. கார் கேட்பது 90, 100 ஆம்பியர், மேட்டில் 150. ஒரு மணி நேரத்தில் காலி செய்யும் வேகத்தில் இழுத்தால் ஈய பேட்டரி அச்சடித்த அளவில் 60 சதவீதத்தை ஒட்டித்தான் தரும். வேகமாக இழுக்கும்போது ஆசிட் தகட்டின் உட்பகுதிவரை ஊறிப்போய் வேலை செய்ய நேரம் கிடைப்பதில்லை. ஆக, காகிதத்தில் 10.8 யூனிட் உள்ள பேக், ரோட்டில் ஆறரை யூனிட் பேக். ஆயுள் வேண்டுமென்று பாதியில் நிறுத்தினால் மூன்றேகால்.

இப்போது கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போவதாக வைத்துக்கொள்வோம். சுமார் 50 கிலோமீட்டர். சூளகிரி வழியாக மொத்தத்தில் ஏறக்குறைய 400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். மாருதி 800-இன் எடை 650 கிலோ அளவு. இன்ஜின், டேங்க், சைலன்சர், ரேடியேட்டர் போனால் நூறு கிலோவை ஒட்டிக் குறையும். மோட்டார், அதற்குப் போகும் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், தகடுகள் என்று அறுபது கிலோ ஏறும். ஒரு டியூபுலர் 55 கிலோ என்றால் ஆறுக்கு 330. வண்டி மட்டுமே 940 கிலோ. இரண்டு பேர் உட்கார்ந்தால் 1,070. உயரம் ஏறுவதற்கு மட்டும், மோட்டார் இழப்பையும் சேர்த்து, 1.4 யூனிட். உருண்டு போக கிலோமீட்டருக்கு 105 வாட் மணி வைத்தால் ஐந்தேகால். கூட்டினால் ஆறரை தாண்டுகிறது. அதாவது பேட்டரியைச் சுத்தமாக வழித்துவிட்டு ஓசூரில் நிற்கும், அதுவும் நின்றால்தான். சூளகிரி தாண்டி வரும் மேடுகளில் வோல்டேஜ் 64, 63 என்று இறங்கும்போதே கன்ட்ரோலர் கரன்ட்டைக் குறைக்க ஆரம்பித்துவிடும். பின்னால் லாரி ஹாரன் அடிக்கும்.

அதே வழியில் எல்.எஃப்.பி. 24 செல் ஏறக்குறைய 72 கிலோ, பெட்டியோடு நூறு. வண்டி 710, இரண்டு பேரோடு 840. ஏற 1.1 யூனிட், உருள நாலரை, மொத்தம் 5.6. பேக் 11.5 யூனிட், அதில் 80 சதவீதம் எடுத்தாலும் ஒன்பதுக்கு மேல். வேகமாக இழுத்தாலும் அளவு பெரிதாகக் குறையாது. ஓசூரில் இறங்கும்போது மூன்றரை யூனிட் மிச்சம். வண்டியில் உள்ள பிரேக்கும் சஸ்பென்ஷனும் பழைய 650 கிலோ வண்டிக்குச் செய்தவை என்பதையும் நினைவில் வையுங்கள். 940-ஐத் தொட்ட வண்டியில் நாலு பேர் ஏறினால் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை வரம்பு என்ன ஆகும் என்று ஒரு முறை கூட்டிப் பாருங்கள்.

இறக்கத்திலும் இதே கதை. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிப் போனால் தொப்பூர் கணவாய் இறக்கம். மோட்டாரைப் பிரேக்காக்கி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பினால் 150 ஏ.எச். ஈய பேட்டரி 30 ஆம்பியரை வாங்கவே திணறும். எல்.எஃப்.பி. 75 ஆம்பியரைச் சாதாரணமாக வாங்கும். ஆனால் நூறு சதவீதம் சார்ஜோடு இறக்கத்தில் விட்டால் இரண்டுமே வாங்காது, பெடல் பிரேக்தான் கதி.

வெயிலையும் சேர்க்க வேண்டும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பழைய கணக்கு. எல்.எஃப்.பி. செல்லோடு வரும் தாளில் 2,000, 3,000 சுழற்சி (ஒரு முறை நிரப்பிக் காலி செய்வது ஒரு சுழற்சி) என்று இருக்கும். இந்த ஊர் சித்திரை வெயிலில் பத்து வருடம் ஓடி முடித்த மாற்று வண்டிகள் இன்னும் அதிகம் இல்லை. எட்டு வருடம் என்று வைத்துச் செலவுக் கணக்குப் போடுவது பாதுகாப்பு. டியூபுலரை தினமும் அடிவரை வழித்தால் இரண்டு வருடம் தாண்டுவதே கஷ்டம். ஆக, மலிவாக வாங்கிய பேக்கை மூன்று, நாலு முறை வாங்க வேண்டிவரும்.

எல்.எஃப்.பி.யில் தப்பு நடக்கும் இடங்கள் வேறு. சோலார் சேமிப்புக்கு வரும் செல்கள் பல, கொள்ளளவுக்குச் சமமான கரன்ட்டுக்கு மேல் தாங்காது. 150 ஏ.எச். செல்லில் உச்சமாக 250 ஆம்பியர் வரை இழுக்கக்கூடிய கன்ட்ரோலர் என்றால் தொடர்ந்து 2சி, அதாவது கொள்ளளவின் இரு மடங்கு கரன்ட், தரும் வண்டி செல்தான் வாங்க வேண்டும். பேக் கட்டும் முன் 24 செல்லையும் இணையாகக் கட்டி 3.65 வோல்ட் வரை மெதுவாக நிரப்புங்கள். இதை விட்டால் ஒரு செல் முந்தியும் ஒன்று பிந்தியும் நிற்கும், செல்களைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். பலகை பாதியிலேயே வெட்டும். செல்களை இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரின் நட்டை டார்க் ரென்ச்சில், செல்லோடு வரும் தாளில் உள்ள அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். தளர்ந்தால் சூடேறி உருகும், அதிகம் முறுக்கினால் அலுமினிய டெர்மினலின் மரை போய்விடும். கல் ரோட்டு அதிர்ச்சி டெர்மினலில் இறங்காமலிருக்க மடிப்புத் தகடு பஸ்பார் நல்லது.

சார்ஜரில்தான் நிறையப் பேர் ஏமாறுவது. ஈய பேட்டரி சார்ஜரின் ஈக்வலைஸ் முறை (செல்களைச் சமப்படுத்த வேண்டுமென்றே அதிகம் ஏற்றுவது) 90 வோல்ட்டைத் தாண்டும். 24 செல்லுக்கு உச்சம் 87.6, 85-இல் நிறுத்தினால் செல் நிம்மதியாக இருக்கும். கன்ட்ரோலரின் உச்ச வோல்டேஜையும் பாருங்கள். 84-தான் என்றால் 23 செல்லோடு நிறுத்துங்கள், 83.95 வரும். வோல்ட் மீட்டரை வைத்து எவ்வளவு மிச்சம் என்று கணிக்க முடியாது, பாதிக்கும் கால்வாசிக்கும் வித்தியாசமே தெரியாது. உள்ளே போகும், வெளியே வரும் கரன்ட்டை அளந்து கணக்கு வைக்கும் ஷன்ட் வைத்த மீட்டர் வேண்டும். பி.எம்.எஸ். அபாய நிலையில் கான்டாக்டரை (பேக்கைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சை) ஒரேயடியாக வெட்டாமல் முதலில் கன்ட்ரோலருக்குச் சொல்லிக் கரன்ட்டைக் குறைக்கும்படி இணையுங்கள். தொப்பூரில் மேலேறும்போது திடீரென்று வண்டி செத்தால் ஒதுங்க இடம் கிடைப்பது சிரமம்.

சார்ஜ் 15 ஆம்பியர் பிளக்கில், வீட்டு மீட்டரிலிருந்து. தோட்டத்து இலவச மின் இணைப்பு பம்புக்கு மட்டும்தான். 30 ஆம்பியர் சார்ஜரில் எல்.எஃப்.பி. ஐந்து மணி நேரத்தில் நிறையும். டியூபுலருக்கு ஒரு ராத்திரி முழுக்க வேண்டும்.

டியூபுலர் பொருந்தும் இடமும் உண்டு. ராயக்கோட்டைப் பக்கம் தோட்டத்துக்குள் தக்காளிக் கூடை ஏற்றி ஒரு நாளைக்கு எட்டு, பத்து கிலோமீட்டர், 25 வேகத்தில் சமதரையில் ஓடும் ஆம்னிக்கு அது போதும். ஆனால் ஸ்டார்ட்டர் பேட்டரியை மட்டும் அங்கேயும் போடாதீர்கள். அதன் மெல்லிய தகடு ஆழமாக இறக்கினால் சில மாதங்களில் உதிர்ந்துவிடும். கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஏற்கெனவே ஆறு டியூபுலர் வாங்கிவிட்டவர்கள் அதை வீட்டு இன்வெர்ட்டருக்கோ சோலாருக்கோ திருப்பிவிடலாம். அங்கே அது கேட்கப்படும் கரன்ட்டுக்குத்தான் செய்யப்பட்டது.