அஸ்தம்பட்டி ஜெராக்ஸ் கடையும் ஸ்கின்னர் பிறந்த வருஷமும்

அஸ்தம்பட்டியில் ஏற்காடு பஸ்ஸுக்கு நிற்கிற பக்கம் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. கணவர் மெஷினைப் பார்க்கிறார், மனைவி பைண்டிங் போடுகிறார். மூன்று வாரத்தில் நான்கு தடவை போய்விட்டேன். பழைய புத்தகங்களை இணையத்திலிருந்து இறக்கி, தாளில் எடுத்துப் படிக்கிறவர்கள் சேலத்தில் இன்னும் சிலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் முப்பது வருஷம் இருந்தவன். ஏற்காட்டில் எனக்குப் பழக்கமான டீச்சர் ஒருவர் இருக்கிறார், ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அவருடைய பேரன் பள்ளியில் ஜேம்ஸ் ஸ்கின்னரைப் பற்றிப் பேச வேண்டும். "ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி போட்டிருக்காங்க. நீங்க ரெக்கார்டு பாத்தவர், மூலத்தைப் பாத்துச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

ஸ்கின்னருக்கு அப்பா ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. அம்மா ராஜபுத்திரப் பெண். இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களைக் கம்பெனி உத்தியோகத்தில் சேர்ப்பதில்லை என்று 1791-இல் உத்தரவு போட்டார்கள். அதற்கு அடுத்த வருஷம்தான் நம் சேலமும் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தன, அலெக்ஸாண்டர் ரீடு முதல் கலெக்டர் ஆனார். அதே காலத்தில் வடக்கே, வெள்ளைக்கார அப்பாவுக்குப் பிறந்த பையன் கம்பெனிப் படையில் சேர முடியாமல் மராட்டியர் படைக்குப் போனான். பிறகு 1803-இல் கம்பெனிப் பக்கம் வந்து, மஞ்சள் உடுப்புக் குதிரைப்படையைக் கட்டினார். டெல்லியில் அவர் கட்டிய செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம் இன்றும் இருக்கிறது. 1841-இல் ஹரியானாப் பக்கம் ஹான்சியில் இறந்தவரை முதலில் அந்த ஊரிலேயே புதைத்து, பிறகு எடுத்துவந்து இந்தத் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். இவ்வளவும் டீச்சரின் பேரன் சரியாகவே எழுதியிருந்தான். சிக்கல் ஸ்கின்னருடைய அம்மா விஷயத்தில், அதோடு சேர்ந்து அவர் பிறந்த வருஷத்தில்.

ஸ்கின்னர் தன் கதையைத் தானே எழுதி வைத்தார். ஜே. பெய்லி ஃப்ரேசர் அதைத் தொகுத்து 1851-இல் லண்டனில் இரண்டு தொகுதியாக வெளியிட்டார். எனக்கு வேண்டியது முதல் தொகுதியில் முதல் அறுபது பக்கம்.

முதலில் வேறொரு கடையில் கொடுத்தேன். ஏ4-இல் பெரிதாக வரட்டும் என்று ஓரத்தை வெட்டிவிட்டார்கள். மேலே பக்க எண் போச்சு, சில பக்கங்களில் கீழே கடைசி வரியும் போச்சு. முகப்புப் பக்கத்தை எடுக்கவே இல்லை. பக்க எண் இல்லாத தாளை வைத்து நான் யாருக்கு என்ன சொல்ல முடியும்? ஆபீஸில் அப்படி ஒரு நகல் வந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அஸ்தம்பட்டிக் கடைத் தம்பி பென் டிரைவைச் செருகி, பக்கங்களை மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். "தாள் மஞ்சளா இருக்குதுங்க. அப்படியே அடிச்சா பின்னால எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி வரும். சுத்தமா வெளுக்க வெச்சா பொடி எழுத்து போயிரும்" என்றார். ஒரே பக்கத்தை மூன்று விதமாக அடித்துக் காட்டினார். நடுவில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தோம், மற்ற இரண்டுக்கும் காசு வாங்கவில்லை. பக்க எண், அடிக்குறிப்பு, வெற்றுப்பக்கம் உட்பட ஒன்றும் விடவில்லை. பேக் டு பேக் தாளுக்கு ஒன்றரை ரூபாய், ஸ்பைரல் பைண்டிங் நாற்பது. முப்பது தாளுக்கு மொத்தம் 85 ரூபாய்.

அன்று ராத்திரியே படித்தேன். தான் பிறந்தது 1778 என்கிறார் ஸ்கின்னர். அம்மா ஒரு ஜமீன்தாரின் மகள், பதினான்கு வயதில், ராஜா சேத் சிங்கோடு நடந்த போரில் சிறைபட்டு அப்பா கைக்கு வந்தவர் என்றும் எழுதுகிறார். சேத் சிங் என்றால் கம்பெனியை எதிர்த்துக் கலகம் செய்த காசி ராஜா. அந்தக் கலகம் எப்போது? மறுநாள், அப்போதைய கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அந்தக் கலகத்தைப் பற்றித் தானே எழுதிய அறிக்கையைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். அது 1782-இல் கல்கத்தாவில் அச்சானது. "முகப்பும் வேணுங்களா?" என்று தம்பி கேட்டது எவ்வளவு பெரிய உதவி! தலைப்பிலேயே மாதமும் வருஷமும் இருக்கிறது: 1781 ஆகஸ்ட். மகன் பிறந்து மூன்று வருஷம் கழித்து அம்மா எப்படிச் சிறைபட முடியும்?

இரண்டில் ஒன்று தவறு. வருஷமா, போரா? இரண்டு கட்டையும் மேஜையில் பக்கம் பக்கமாக விரித்து வைத்துப் பார்த்தேன். 1790-களின் நடுவில் ஸ்கின்னரை ஓர் அச்சகத்தில் வேலை பழக விடுகிறார்கள். மூன்றே நாளில் ஓடிப்போய், கடைத்தெருவில் மூட்டை சுமந்து வயிற்றைக் கழுவுகிறார். அவரைக் கண்டுபிடித்து அழைத்துப் போவது அக்கா வீட்டு வேலையாள். அதாவது அக்காவுக்கு அப்போதே கல்யாணமாகிக் குடித்தனம். 1781-இல்தான் அம்மா சிறைபட்டார் என்றால் அந்த அக்காவுக்கே பதினான்கு வயதைத் தாண்டியிருக்காது, தம்பியான ஸ்கின்னர் அதற்கும் சின்னவர். அந்த வயதுப் பிள்ளை சீக்கிரமே மராட்டியப் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஆகவே 1778 நிற்கும் என்பது என் முடிவு. போரின் பெயர்தான் குடும்பப் பேச்சில் எங்கோ மாறியிருக்க வேண்டும். அம்மா இறந்தது 1790-இல், அதுவும் தன் கையாலேயே. பெண்பிள்ளைகளைப் பர்தாவை விட்டு வெளியே பள்ளிக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற மனவேதனை. பன்னிரண்டு வயதில் தாயை இழந்த பிள்ளை அவர் கதையை யாரிடம் சரியாகக் கேட்டிருப்பான்? அந்தப் பக்கத்தை என்னால் சட்டென்று திருப்ப முடியவில்லை.

ஏற்காட்டுக்குக் கொண்டுபோனபோது ஒரு குறை தெரிந்தது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போய் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரே பனிமூட்டம். டீச்சர் வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் வைத்திருந்ததில் தாள் ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. கடையில் சாதாரணமாகப் போடுவது 70 ஜிஎஸ்எம் தாள் (ஜிஎஸ்எம் என்பது தாளின் கனத்துக்கான அளவு). மலைக்குக் கொண்டுபோகிறவர்கள் 80 கேட்டு வாங்குங்கள், தாளுக்குக் கொஞ்சம் கூடும். மேலே கீழே பிளாஸ்டிக் அட்டையும் போடச் சொல்லுங்கள். பைண்டிங் அக்கா சாயங்காலம் நான்கு மணிக்கு மேல்தான் வருகிறார், அதற்கு முன் கொடுத்தால் காத்திருக்க வேண்டும்.

டீச்சர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு இரண்டு முகப்பையும் படித்தார், பேரனையும் கூப்பிட்டுப் படிக்க வைத்தார். "அம்மா பேரு எங்கயும் இல்லையே தாத்தா?" என்று கேட்டான். நான் எடுத்த அறுபது பக்கத்தில் இல்லை. இரண்டாம் தொகுதி முழுவதையும் எடுக்கச் சொல்லி நேற்றுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், 80 ஜிஎஸ்எம் தாளில். டீச்சர் பென்சிலில் குறித்துக்கொள்ள, வெளி ஓரத்தில் அரை அங்குலம் கூடுதலாக விடுவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார்.